கிழிக்கிற காலண்டரை வலைப்பக்கமாகச் செய்கிறேன்: கிழித்த தாள் எங்கே போக வேண்டும்?

காகிதக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சிவகாசி. அப்பா அங்கே ஓர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் வீட்டில் பார்ப்பது அபூர்வம். இந்த செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த வேலை, திரைக்கென்றே ஒரு வெளியீடு செய்ய வேண்டும், அது அச்சுப் புத்தகத்தின் நகலாக இருக்கக் கூடாது என்பது. நான் தினசரிக் காலண்டரை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், கிளம்பிய அன்றைய தேதியே சுவரில் நிற்கும். நாலு தாளையும் கொத்தாகப் பிடித்துச் சரக்கென்று கிழிக்க எனக்கும் தம்பிக்கும் சண்டையே நடக்கும். எனக்குத் திரையில் வேண்டியது அந்த நாலு நாள்தான். ஃபோனில் எதைத் திறந்தாலும் இந்த நிமிஷத்துச் சங்கதிதான் மேலே வந்து நிற்கிறது. நாம் விட்டுப்போன நாளிலேயே நமக்காகக் காத்திருக்கிற ஒரு பக்கத்தைச் செய்ய ஆசைப்படுகிறேன்.

அதனால் இப்படி அமைத்திருக்கிறேன். திறந்தால் நீங்கள் கடைசியாகப் பார்த்த தாள் இருக்கும். அதைக் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்தால் அடுத்த தாள். இன்றைய தேதி வந்ததும் நின்றுவிடும். நாளைக்கு உரியதை இன்று கிழிக்க முடியாது. கிழித்தது திரும்பி வராது. தேடல் கிடையாது, முந்தைய பக்கத்துக்கான அம்புக்குறியும் கிடையாது. தாளில் தேதி, கிழமை, தமிழ்த் தேதி, ராகு காலம், எமகண்டம் எல்லாம் உண்டு. பொன்மொழி வருகிற இடத்தில் மட்டும் அச்சக வேலைக்காரர்கள் என்னிடம் சொன்ன ஒரு வரி வரும். இரண்டு விடுமுறையாக டீக்கடையிலும் ஷிஃப்ட் மாறுகிற நேரத்திலும் உட்கார்ந்து 212 வரி சேர்த்திருக்கிறேன். ஒரு மெஷின்காரர் சொன்னது: 'மழைக்காற்று அடிச்சா தாள் தண்ணி குடிச்சிரும். அப்புறம் நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது.' பைண்டிங் செய்கிற ஓர் அக்கா சொன்னது: 'மஞ்சள் மை கழுவினா போயிரும். கறுப்பு, நகத்துல ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கும்.'

எழுத்துருவுக்கு அனெக் தமிழ் எடுத்தேன். அதில் கனத்தைப் போலவே அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஒற்றை இலக்கத் தேதிக்கு அகலத்தை 125 ஆக்கி, இரட்டை இலக்கத்துக்கு 75-க்குக் கொண்டுவந்தால் 7-ஆம் தேதியும் 28-ஆம் தேதியும் ஏறக்குறைய ஒரே கட்டத்தை நிரப்புகின்றன. இந்த ஒன்று சரியாக வந்த இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கோடிங் கற்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. இன்டிசைன், ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள்கள்தான் எனக்குக் கைப்பழக்கம். முதலில் வரைவதற்கான பி5 ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பில் வட்டம் சதுரம் போட்டேன், அப்புறம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். பிரஸ்ஸல்ஸில் ஓப்பன் சோர்ஸ் பப்ளிஷிங் என்ற குழு 2006-லிருந்து முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் புத்தகம் வடிவமைத்து வருவதைப் பார்த்த பிறகுதான், பக்கத்தை எழுதவும் செய்யலாம் என்று தைரியம் வந்தது. இப்போது சிக்கிக்கொண்டிருக்கும் இடங்கள்:

அப்பத்தா விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். என் சோதனை வாசகர் அவர்தான். 'நேத்துத் தாள்தான் நிக்குது, கிழிக்க விடமாட்டேங்குது' என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். நான் எட்டு மணிக்குப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஒருநாள் தூங்காமல் உட்கார்ந்து பார்த்தேன். 5.29 வரை கிழிபடவில்லை, 5.30-க்குக் கிழிகிறது. அந்த ஐந்தரையில்தான் ஏதோ இருக்கிறது, எங்கே திருத்துவது என்று தெரியவில்லை.

அடுத்தது, ஆண்ட்ராய்டு ஃபோனில் தாளைக் கீழே இழுத்தால் கிழிவதற்குப் பதில் பக்கமே ரீலோட் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, கிழியும்போது அந்த ஒரு வரியின் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர வேண்டும். சொல்லைத் துண்டாக்கும் 'ஸ்பிளிட்' கட்டளை போட்டுப் பிரித்தால் கொம்பு தனியாக, புள்ளி தனியாகக் கழன்று, கூடவே ஒரு புள்ளி வட்டமும் வந்து நிற்கிறது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

இதெல்லாம் எப்படியும் தீர்ந்துவிடும். பெரிய கேள்வி வேறு. முன்னோட்டம் காட்டியபோது ஓர் ஆசிரியர் கேட்டார்: 'கிழித்தது போய்விட்டால் இது எப்படி வெளியீடு ஆகும்? திரும்ப எடுத்துப் படிக்க முடிய வேண்டாமா? பழைய தாள்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகிற ஒரு பக்கம் சேர்.' அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இத்தனை பேர் நம்பிச் சொன்ன வரியை ஒரு நாள் காட்டிவிட்டு அழிப்பது மரியாதைதானா என்று எனக்கும் உறுத்துகிறது. சேர்த்துப் பார்த்தேன். எல்லாத் தாளும் ஒரு பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் கிழிப்பதில் ஒன்றுமே இல்லாமல் போனது, வெறும் அனிமேஷன் ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன். ஆனால் அவருக்குச் சொல்லப் பதில் இல்லை.

வகுப்புத் தோழர்கள் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பைக் கற்றுக்கொண்டு முழுசாக மறுபடி எழுது என்கிறார்கள். ஜூரிக்கு, அதாவது இறுதி மதிப்பீட்டுக்கு, ஆறு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

இரவுப்பணி:

தங்கச்சி, முதலில் அப்பத்தாவின் பிரச்சினை. இன்றைய தேதியை எடுக்க 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' போட்டு அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிறீர்கள், சரியா? பயிற்சி வீடியோக்களில் பாதி அப்படித்தான் சொல்லித்தருகிறது. அது தருவது யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படியான தேதி. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே இங்கே விடிகாலை 5.30 ஆகும் வரை அங்கே நேற்றுதான். 'கெட் ஃபுல் இயர்', 'கெட் மன்த்', 'கெட் டேட்' மூன்றையும் தனித்தனியாக எடுத்துச் சேருங்கள், தீர்ந்துவிடும். மாதம் மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஜனவரி என்றால் 0. ஒன்று கூட்ட மறந்தால் ஒரு மாதம் பின்னால் நிற்பீர்கள்.

இதில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டொராண்டோவில் ஒருவர் திறந்தால் தாள் எப்போது மாற வேண்டும்? அவர் ஊர் நள்ளிரவிலா, சிவகாசி நள்ளிரவிலா? நான் மேலே சொன்ன முறை அவர் ஊர் நேரப்படி ஓடும். 'ஏஷியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தைக் கட்டிவைத்தால் உங்கள் ஊர்ப்படி. காலண்டர் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று நினைத்தால் முதலாவது. உங்கள் வீட்டுச் சுவரை அவர் எட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தால் இரண்டாவது. கோடில் ஒரு வரிதான் வித்தியாசம், வாசகருக்கு அது இரண்டு வேறு வெளியீடு.

ராகு காலத்துக்கு எங்கிருந்தும் டேட்டா இழுக்க வேண்டாம். 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று பாட்டிமார் சொல்வார்களே, அது ஏற்கெனவே ஒரு நிரல். திங்கள் 7.30-க்குத் தொடங்கி, அந்த வரிசையில் அடுத்தடுத்த கிழமைக்கு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. 'கெட் டே' ஞாயிற்றுக்கிழமைக்கு 0 தரும், அதற்கேற்ப ஏழு எண்ணை அடுக்கி வையுங்கள். இது ஆறு மணி உதயம், ஆறு மணி அஸ்தமனம் என்று வைத்துக்கொண்ட கணக்கு, அச்சுக் காலண்டரிலும் இதுதான் வருகிறது.

தமிழ்த் தேதிக்கு பிரவுசரில் 'இந்தியன்' என்று ஒரு நாள்காட்டி இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது சக ஆண்டு தேசிய நாள்காட்டி, அதில் சைத்ர மாதம் மார்ச் 22 வாக்கிலேயே பிறந்துவிடும். நம் மாதப்பிறப்பு 12-ஐயும் நீங்களே ஒரு பட்டியலாக எழுதிவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு 12 வரி. திதி, நட்சத்திரம் வேண்டும் என்றால்தான் வேலை பெரிசு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் 12 பாகைக்கு ஒரு திதி என்பது விதி என்றாலும், வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதைப் பொறுத்து முடிவு நேரம் மாறும். ஆறு வாரத்தில் அதில் இறங்க வேண்டாம்.

ரீலோட் ஆவது குரோமின் பழக்கம், உங்கள் தவறு இல்லை. எச்டிஎம்எல் உறுப்புக்கு சிஎஸ்எஸ்ஸில் 'ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் ஒய்: கன்டெய்ன்' கொடுங்கள். தாளுக்கு மட்டும் 'டச் ஆக்‌ஷன்: நன்'. இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. கடைசியாகக் கிழித்த தேதியை பிரவுசரின் உள்சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜில்தானே வைத்திருக்கிறீர்கள்? ஐஃபோனில் சஃபாரி பிரவுசரைப் பயன்படுத்திக்கொண்டே உங்கள் தளத்துக்கு மட்டும் ஏழு நாள் வராமல் இருந்தால், ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததையெல்லாம் அது துடைத்துவிடும். 2020-லிருந்து அப்படித்தான். உங்கள் வெளியீட்டின் உயிரே ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்தான். பத்து நாள் கழித்து வருகிறவருக்கு அவர் விட்டுப்போன தாள் இருக்காது. ஹோம் ஸ்க்ரீனில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது தன் காலண்டரை ஒரு சின்னக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வழி கொடுங்கள்.

ரியாக்ட் வேண்டாம். 365 வரி உள்ள ஒரு கோப்பு, 300 வரிக்குள் கோட், ஒரு எழுத்துரு. இதற்கு அது எதற்கு? 1991-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் போட்ட முதல் வலைப்பக்கம் இன்றைய பிரவுசரில் அப்படியே திறக்கிறது. நான் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஃபிரேம்வொர்க்கில் செய்துகொடுத்த வேலையை இப்போது எழுப்ப ஒரு வாரக் கடைசி முழுக்கப் போயிற்று. பாதுகாத்து வைப்பது பற்றி உங்கள் ஆசிரியர் கவலைப்படுகிறார் அல்லவா, எளிய எச்டிஎம்எல் அதற்கு ஒரு பாதிப் பதில்.

நீலா அக்கா:

ஒரு சின்ன வேண்டுகோள். இழுத்துக் கிழிப்பதோடு ஒரு பொத்தானும் வையுங்கள். என் அம்மாவுக்கு முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிவிட்டன, தட்ட முடியும், இழுக்க முடியாது. நிஜமான 'பட்டன்' உறுப்பாகவே போடுங்கள், கீபோர்டிலும் வேலை செய்யும். எழுத்து உதிர்கிற அசைவு சிலருக்குத் தலைசுற்றலைக் கொண்டுவரும். அவர்கள் ஃபோனில் அசைவைக் குறை என்று வைத்திருந்தால், 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்' மூலம் அதைத் தெரிந்துகொண்டு சும்மா மறையச் செய்யலாம்.

மெய்ப்பு:

எழுத்து உதிர்வது பற்றி நான் சொல்கிறேன். இருபது வருஷமாக எழுத்துக்கோப்பு வேலையில் இருக்கிறேன், மின்நூலும் செய்கிறேன்.

'விகடகவி' என்று பிரவுசரில் கட்டளை அடிக்கும் கன்சோலில் போட்டு நீளம் கேட்டுப் பாருங்கள் அம்மா. ஏழு என்று சொல்லும். நாம் எண்ணினால் ஐந்து. பள்ளியில் 247 எழுத்து படித்தோம், ஆனால் யூனிகோடில் அத்தனைக்கும் தனி இடம் கிடையாது. 'வி' என்பது வகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என்று இரண்டு இடமாகத்தான் உள்ளே இருக்கிறது. இப்போது அதே சொல்லை ஸ்பிளிட், ரிவர்ஸ், ஜாயின் போட்டுத் திருப்புங்கள். இரு பக்கமும் ஒன்றாக வாசிக்கிற சொல், அப்படியே திரும்பி வர வேண்டும். வராது. முதலில் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கும் இகரக் கொக்கி, பிறகு வ, க, ட, அப்புறம் 'கி', கடைசியில் மொட்டையாக 'வ'. வகரத்தின் கொக்கி போய்க் ககரத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் வரிகளில் நடப்பதும் இதுதான். தாங்க ஓர் எழுத்து இல்லாமல் குறி மட்டும் தனியே நின்றால் காட்டுவதற்கென்றே அந்தப் புள்ளி வட்டம் இருக்கிறது. இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேண்டிய வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போட மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்குமே, அதன் இன்னொரு முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிளிட்டுக்குப் பதில் 'இன்டல் செக்மென்டர்' பயன்படுத்துங்கள். மொழி 'டிஏ', அலகு 'கிராஃபீம்', அதாவது முழு எழுத்து. ஐந்து எழுத்து ஐந்தாகவே வரும். ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது, ஆகவே பழைய ஃபோன்களிலும் ஒருமுறை பாருங்கள். ஒரு விதிவிலக்கு: 'க்ஷ' அதில் க், ஷ என்று இரண்டாகப் பிரியும். 'ஸ்ரீ'யும் அப்படியே. உங்கள் வரிகளில் 'லக்ஷ்மி' மாதிரி வந்தால் அந்த இரண்டையும் கையால் ஒட்டிவிடுங்கள்.

டைப் செய்து வாங்கிய வரிகளையும் ஒருமுறை, ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்கும் 'நார்மலைஸ்' வழியாக அனுப்பிவிடுவது நல்லது. 'கோ'வை ஓகாரக் குறி ஒன்றாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொல். அச்சகத்திலிருந்து பழைய எழுத்துரு முறையில் ஏதாவது வாங்கினால் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் ஒட்டும், மாற்றியில் போட்டு எடுத்து ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். மாற்றியை நம்பி நான் ஒரு முன்னுரை முழுக்கப் பிழையாக விட்டதுண்டு.

உங்கள் தாள் ஒடுக்கமானது, நம் சொற்கள் நீளம். 'உட்காரமாட்டேனென்கிறது' மாதிரி ஒன்று வந்தால் விளிம்பைத் தாண்டும். எழுத்துகளுக்கு நடுவில், தேவைப்பட்டால் மட்டும் சொல்லை உடைக்க இடம் தரும் 'ஷை' குறி வைத்து, சிஎஸ்எஸ்ஸில் 'ஹைஃபனேட் கேரக்டர்' என்பதைக் காலியாக விடுங்கள். தமிழ் அச்சில் வரி முடிவில் சொல் உடைந்தால் கோடு போடாமல் விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். காலண்டர் தாளில் கோடு தெரிந்தால் அந்நியமாக இருக்கும்.

ஆசிரியரிடம் பேசும்போது சித்திரகவியைச் சொல்லலாம். தேர் வடிவக் கட்டத்துக்குள் எழுத்து ஏறி இறங்கும் ரத பந்தம், பாம்பு உடல் வழியே படிக்க வேண்டிய நாக பந்தம். எந்தத் திசையில் வாசிப்பது என்பதே அங்கே பாட்டின் பாகம். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார், ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாம் அடி முதல் அடியின் தலைகீழ். அதை உங்கள் ரிவர்ஸ் நிரலுக்குக் கொடுத்துச் சோதியுங்கள். எழுத்தைச் சரியாகப் பிரித்திருந்தால் மட்டுமே தேறும்.

வெற்றிலைக்கடை:

எனக்குக் கோடிங் தெரியாது பாப்பா. மகன் இந்தக் கேள்வியைக் காட்டினான். கிழித்த தாள் எங்கே போகும் என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மதுரையில் கடை வைத்திருந்தார். கிழித்த தாளை அவர் ஒருநாளும் எறிந்தது கிடையாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கொக்கி, அதில் குத்திவைப்பார். பின்பக்கம் வெறுந்தாள். யார் பாக்கி, எத்தனை கட்டு கொழுந்து வெற்றிலை வந்தது, பஸ் பார்சலில் என்ன வர வேண்டும் எல்லாம் அதில்தான். பாக்கி தீர்ந்தால் தாளைக் கொக்கியிலிருந்து உருவிக் கிழித்துப் போடுவார். தீராதது கொக்கியிலேயே இருக்கும். மீனாட்சியம்மன் கோயில் குங்குமத்தை மடிக்க அம்மா எடுப்பதும் அங்கேயிருந்துதான்.

என் பீரோவில் இப்போதும் ஒரு தாள் இருக்கிறது. 1987, தை மாதம். முன்பக்கம் மஞ்சளாகி மூலையில் துரு. குத்திய துளை நடுவில். பின்பக்கம் அப்பா கையெழுத்தில் நீல மை: 'காலை 3.10. பெண். இருவரும் சுகம்.' அதற்குக் கீழே அதே மையில், 'கவுளி 40, ரூபாய் நாளை.' என் மூத்த மகள் பிறந்த நாள் அது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு ஆள் வந்து சொன்னதும் கையில் இருந்ததில் எழுதியிருக்கிறார்.

அந்த வருஷத்தில் மீதி 364 தாளும் என்னிடம் இல்லை. வேண்டியதும் இல்லை. எழுதின தாள் தங்கும் பாப்பா, எழுதாதது போகும். உன் காலண்டரில் பின்பக்கம் இருக்கிறதா?

காகிதக்காரி:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே வரைந்து பார்த்தேன். என் தாளுக்குப் பின்பக்கமே இல்லை. முன்பக்கத்தை அவ்வளவு இழைத்தவள் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

பத்து நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா சொன்னபடியே 'ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மாற்றிய மறுநாள் 4.40-க்கு அப்பத்தாவிடமிருந்து ஃபோன். 'கிழிஞ்சிருச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நேர மண்டலத்தை வாசகர் ஊருக்கே விட்டுவிட்டேன், காலண்டர் அவரவர் சுவரில்தான் தொங்க வேண்டும். ரீலோட் நின்றுவிட்டது. திருநாள் சந்தடி வாக்கியத்தைக் கோடுக்கு மேலே குறிப்பாக எழுதிவைத்திருக்கிறேன், என் கோப்பைத் திறக்கிறவர் முதலில் படிப்பது அதுதான். நீலா அக்கா, தாளின் அடியில் நீளமாக ஒரு பொத்தான் வைத்துவிட்டேன். ஊரிலிருந்து சோதித்துச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இழுப்பதைவிட அதைத்தான் தட்டுகிறார்கள்.

மெய்ப்பு ஐயா, செக்மென்டர் போட்டதும் எழுத்துகள் முழுசு முழுசாக விழுகின்றன. 'மஞ்சள்' விழும்போது 'ள்' தன் புள்ளியோடு சேர்ந்தே விழுவதை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். 'உட்காரமாட்டேங்குது' இப்போது கோடில்லாமல் இரண்டு வரியாக நிற்கிறது. பதிகத்தையும் கொடுத்துப் பார்த்தேன், பதினொரு பாட்டும் தேறியது.

இனி பின்பக்கம். கிழித்த தாள் விழுகிற வழியில் ஒருமுறை புரளும். அந்த நேரத்தில் தட்டினால் நின்றுவிடும், வெறுந்தாளாகப் பின்பக்கம் தெரியும், எழுதலாம். எழுதினால் அந்தத் தாள் ஓரத்தில் ஒரு கம்பியில் குத்திக்கொள்ளும், அதன் முன்பக்கத்து வரியோடு. எழுதாவிட்டால் போய்விடும். கம்பியில் இருப்பதை மட்டும்தான் திரும்பிப் படிக்கலாம். வேண்டாம் என்றால் உருவிக் கிழித்துவிடலாம். சேமிப்புக் கோப்பாக இறங்குவதும் அந்தக் கம்பிதான்.

ஆசிரியரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார், என்னவென்று எனக்குக் காட்டவில்லை. வரி சொன்னவர்களைப் பற்றிய உறுத்தல் மட்டும் எனக்குப் போகவில்லை. அதனால் 365 வரியும் சேர்ந்ததும் மொத்தத்தையும் அச்சடித்து, சொன்ன ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கப் போகிறேன். திரையில் போவது போகட்டும், அவர்கள் வீட்டில் இருக்கும்.

அப்பத்தாவுக்கு டைப் செய்ய வராது. கீபோர்டில் உள்ள மைக்கைத் தட்டிப் பேசச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கம்பியில் இப்போது ஆறு தாள் இருக்கிறது. முதலாவதில், 'பால் ரெண்டு. தயிர் வாங்கலை. மழை வரும்போல இருக்கு.' அதன் முன்பக்கம் தாள் தண்ணீர் குடிக்கிற அந்த மெஷின்காரரின் வரி. நான் அப்படி அமைக்கவில்லை, தானாக விழுந்தது.

அந்த ஆறையும், வலைப்பக்கத்தை அச்சுப் பக்கங்களாக்கும் பேஜ்டு ஜேஎஸ் போட்டுப் பக்கமாக்கி பிடிஎஃப் எடுத்தேன். அச்சுப் பிரதிக்கு அது ஒரு முன்மாதிரி. இன்டிசைனைத் திறக்காமல், அதே எச்டிஎம்எல்லிலிருந்து, முன்னும் பின்னுமாக 12 பக்கம். அப்பாவுக்கு அனுப்பினேன். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். 'நல்லாருக்கு. ஆனா நாலு பக்கமும் மூணு மில்லி விடலையே, நான் எங்கே வெட்ட?' என்றார்.

ஓரத்தில் வெட்டுவதற்கு விடும் 'ப்ளீட்' மூன்று மில்லிமீட்டரும் வெட்டுக் குறியும் சேர்த்து இப்போது மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.